கல்லூரிக்கு லேப்டாப்: பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். லேப்டாப் ஓடவில்லை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள், காணோம் என்றாலும் முதலில் என்னிடம்தான் ஓடி வருவார்கள். முதலாமாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்தில் ஆய்வக வாசலில் நின்று பெற்றோர்கள் கேட்பதையும், பறிகொடுத்துவிட்டு வந்து பிள்ளைகள் கேட்டதையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

முதல் வருடத்திலேயே லேப்டாப் வாங்கித் தர வேண்டுமா?

கணினி சார்ந்த பிரிவு என்றால் வாங்கிவிடுங்கள். மெக்கானிக்கல், சிவில் போன்ற பிரிவுகளுக்கு முதல் செமஸ்டரில் அவ்வளவு அவசரம் இல்லை. பைத்தான் என்ற நிரல்மொழி பழக ஆய்வகத்தில் இருக்கும் கணினியே போதும். வரைபட மென்பொருள் பாடத்தில் வரும்போது என்ன கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று சீனியர்களிடம் கேட்டு வாங்கினால் பணம் வீணாகாது. நகையை அடகு வைத்து வாங்குகிற வீடுகளுக்கு இதை அழுத்தியே சொல்வேன். ஆறு மாதம் பொறுத்தால் படிப்பு ஒன்றும் கெட்டுப்போகாது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் அரசு மடிக்கணினி கொடுப்பது 2011 செப்டம்பரில் தொடங்கியது. 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாக அறிவித்தார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

வாங்கிய அன்றைக்கே செய்ய வேண்டியது என்ன?

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் சீரியல் நம்பர் இருக்கும். அதைத் தெளிவாகப் படம் எடுங்கள். பில்லையும், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். மூன்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், அப்பா அம்மா வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலை. காவல் நிலையத்தில் உட்கார்ந்து புகார் எழுதும்போது கேட்கிற முதல் கேள்வி "நம்பர் இருக்கா?" என்பதுதான். "கறுப்பு கலர் சார், பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருக்கும்" என்று சொன்னால், நாளைக்கே பத்து லேப்டாப் பிடிபட்டாலும் அதில் உங்களுடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது. பில் தொலைந்திருந்தால் வாங்கிய கடையிலேயே போய்க் கேளுங்கள். உங்கள் கைபேசி எண்ணை வைத்துப் பெரும்பாலும் தேடி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது, விண்டோஸ் அமைப்புகளில் 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்று இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அதை இயக்கி வையுங்கள். தொலைந்த பிறகு இயக்க முடியாது. லேப்டாப் இணையத்தில் சேரும்போதுதான் அது இடத்தைக் காட்டும். எடுத்தவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிட்டால் அதுவும் காட்டாது. ஆகவே இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஆப்பிள் சிப் உள்ள மேக்புக்கில் 'ஃபைண்ட் மை' இயக்கத்தில் இருந்தால், அழித்த பிறகும் உங்கள் கடவுச்சொல் இல்லாமல் அடுத்தவர் பயன்படுத்த முடியாது.

கோப்புகளைப் பூட்டி வைக்கும் என்க்ரிப்ஷனும் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இயங்கினால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் உங்கள் கோப்புகளைப் படிக்க முடியாது. விண்டோஸில் அதற்கான 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையிலேயே வைத்துவிடாதீர்கள்.

கல்லூரிக்குள் எங்கேதான் அதிகம் காணாமல் போகிறது?

பெற்றோர்கள் விடுதியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை வராண்டாதான் முதலிடம்.

இன்டர்னல் தேர்வு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அறை வாசலில் சுவரோரமாக அறுபது பை குவிந்து கிடக்கும். அத்தனையும் ஒரே மாதிரி கறுப்புப் பை. முக்கால்வாசிப் பை கடையில் லேப்டாப்போடு சேர்த்துக் கொடுத்தது. ஒன்றரை மணி நேரம் அந்தக் குவியலை யாரும் பார்ப்பதில்லை. கண்காணிப்பாளர் உள்ளே, மாணவர்கள் உள்ளே. ஒருவர் வந்து குனிந்து ஒரு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால், சீக்கிரம் எழுதி முடித்துவிட்டுப் போகிறவர் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

கடைசி வருட மாணவி ஒருத்தி இப்படித்தான் பறிகொடுத்தாள். தேர்வு முடிந்து வெளியே வந்தவள், குவியலில் பையைத் தேடினாள். ஒவ்வொருவராகத் தங்கள் பையை எடுத்துக்கொண்டு போக, கடைசியில் ஒரே ஒரு பை மிஞ்சியது. அதுவும் அவளுடையதில்லை. மறுநாள் அவளுடைய அம்மா மஞ்சள் பையில் பில்லோடு வந்தார். பில்லோடு அடகுக் கடை ரசீதும் ஒரே ஊசியில் குத்தியிருந்தது. நகை இன்னும் மீட்கப்படவில்லை. அந்தப் பெண் லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ப்ராஜெக்ட் முழுசா அதுலதான் சார் இருக்கு" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேர்வு நாளில் லேப்டாப் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால், துறை அலுவலகத்திலோ ஆய்வகத்திலோ ஆள் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு இரும்பு அலமாரியையே இதற்காக ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் கல்லூரியில் இல்லை என்றால் வகுப்புப் பிரதிநிதி மூலம் துறைத் தலைவரிடம் கேளுங்கள். இதற்குச் செலவே கிடையாது, ஒரு பூட்டு போதும்.

நூலக வாசல், கேன்டீனில் இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போகிற பை, மைதானத்து ஓரம் ஆகியவையும் இதே கதைதான். சிம்போசியம், கலைவிழா நாட்களில் வெளிக் கல்லூரிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். அன்றைக்குத் தெரியாத முகம் யாருக்கும் வித்தியாசமாகப் படாது. "இதைக் கொஞ்சம் பாத்துக்கடா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் யாரும் பார்ப்பதில்லை. பெயரைச் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

விடுதி அறையில் எப்படிப் பாதுகாப்பது?

மூன்று பேர் இருக்கும் அறைக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. அந்தச் சாவி எங்கே இருக்கும்? கதவு நிலைக்கு மேலே, செருப்புக்குள், ஜன்னல் விளிம்பில். மாடி முழுக்க எல்லா அறைக்கும் இதே மூன்று இடம்தான், எடுக்க வருகிறவனுக்கும் இது தெரியும். ஆளுக்கொரு சாவி இருக்கிற பூட்டாகப் பார்த்து வாங்குங்கள், மூன்று பேரும் காசு போட்டால் பெரிய தொகை இல்லை.

பூட்டை உடைத்து எடுப்பது நான் பார்த்தவரை குறைவு. திறந்த அறையில் நுழைந்து எடுப்பதே அதிகம். காலையில் ஆறரையிலிருந்து எட்டரை வரை ஒருவன் குளிக்கப் போயிருப்பான், ஒருவன் மெஸ்ஸில், ஒருவன் இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருப்பான். கதவு திறந்தே இருக்கும். தூங்குகிறவன் இருக்கிறானே என்று மற்ற இருவரும் நம்பிப் போயிருப்பார்கள். குளிக்கப் போகும்போதும் லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜன்னலைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். தரைத்தள அறையில் ஜன்னலோரக் கட்டிலில் சார்ஜ் போட்டபடி விட்டுப் போனால், கம்பிக்கு வெளியே இருந்து ஒரு குச்சியால் ஒயரை இழுத்தே பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். மெல்லிய லேப்டாப் கம்பி இடைவெளியில் பக்கவாட்டில் நுழைந்து வந்துவிடும். கை எட்டும் தூரத்தில் வைக்காதீர்கள்.

கேபிள் பூட்டு வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். லேப்டாப்பின் ஓரத்தில் கென்சிங்டன் துளை இருந்தால் வாங்கலாம். 7 மில்லிமீட்டர் நீளத்தில் சின்னச் செவ்வகமாக இருக்கும். இப்போது வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் அது இல்லை, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளைக் கட்டில் காலில் மாட்டாதீர்கள். கட்டிலைக் கொஞ்சம் தூக்கினால் வளையம் கழன்று வந்துவிடும். ஜன்னல் கம்பியிலோ பீரோ கைப்பிடியிலோ மாட்டுங்கள். இந்தப் பூட்டு கட்டரோடு வருகிறவனைத் தடுக்காது. போகிற போக்கில் எடுத்துப் போகிறவனைத் தடுக்கும்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது லேப்டாப்பை அறையில் விட்டுப் போகவே கூடாது.

பஸ்ஸிலும் ரயிலிலும் எப்படிக் கொண்டு போவது?

வெளியூர் பஸ்ஸில் மேலே இருக்கும் தட்டில் லேப்டாப் பையை வைக்காதீர்கள். சீட்டுக்கு அடியிலும் வேண்டாம், பிரேக் போட்டால் பை நாலு சீட் முன்னால் போய்விடும், வண்டி வேகமெடுத்தால் பின்னால் இருப்பவர் காலடிக்குப் போய்விடும். மடியில் அல்லது இரண்டு காலுக்கும் நடுவில், பட்டையைக் காலில் ஒரு சுற்று சுற்றி வையுங்கள்.

ராத்திரி பஸ் என்றால் தூக்கத்தைவிட, பஸ் நிற்கிற இடத்துக்குத்தான் பயப்பட வேண்டும். சென்னையிலிருந்து தெற்கே போகிற பஸ் விக்கிரவாண்டி பக்கம் ஏதாவது ஒரு மோட்டலில் நிற்கும். "பத்து நிமிஷம்" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். பாதிப் பேர் டீக்கு இறங்குவார்கள், விளக்கு போட்டிருக்காது, கதவு திறந்திருக்கும். பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினால் அந்தப் பத்து நிமிடத்தில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பையோடு இறங்குங்கள், பையோடு ஏறுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

ரயிலில் கீழ் படுக்கைக்கு அடியில் சங்கிலி மாட்ட வளையம் இருக்கும். பெட்டியை அதில் பூட்டலாம், ஆனால் லேப்டாப் பை தலைமாட்டில் இருக்கட்டும், கை பட்டையில் இருக்கட்டும். ராத்திரி 11 மணி முதல் காலை 5 மணி வரை பல ரயில்களில் சார்ஜ் போடும் பிளக்கில் மின்சாரம் இருக்காது, ஆகவே ஏறும் முன்பே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். ஓடுகிற ரயிலில் திருட்டுப் போனால் இறங்கும் வரை காத்திருக்க வேண்டாம். 139 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டிக்கெட் பரிசோதகரிடமே புகார் படிவம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்.

தண்ணீர் கொட்டிவிட்டது, என்ன செய்வது?

சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். 'ஃபைலைச் சேமித்துவிட்டு அணைக்கிறேன்' என்று நிற்காதீர்கள். திரையை விரித்து, கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர் போடாதீர்கள், அரிசி மூட்டையில் வைத்தும் பயனில்லை. 'ஆன் ஆகிறதா பார்க்கலாம்' என்று மறுநாள் பட்டனை அழுத்துவதுதான் பல மதர்போர்டுகளைக் கொன்றிருக்கிறது. அப்படியே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். டீ, காபி என்றால் சர்க்கரை உள்ளே காய்ந்து ஒட்டிக்கொள்ளும், உடனே சுத்தம் செய்தாக வேண்டும்.

மழைக்காலத்தில் பைக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் எப்போதும் இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த பொருள்கள் என்ன ஆயின என்பதைப் பார்த்தவர்கள் லேப்டாப்பைத் தரையில் வைக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் அதுவே நடந்தது. மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், காற்றுத் துளை அடைத்துச் சூடாகும். டச்பேட் மேலே உப்பிக்கொண்டு வந்தால், மூடி சரியாக மூடாவிட்டால், பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள்.

நண்பர்கள் கேட்டால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். உங்கள் கணக்கில் வாட்ஸ்அப் வெப், மின்னஞ்சல், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் திறந்து கிடக்கும். நண்பன் நல்லவனாகவே இருக்கட்டும், அவன் தோளுக்குப் பின்னால் நிற்கிறவன் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

பென் டிரைவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக் கணினியில் செருகிய பென் டிரைவைத் திரும்பக் கொண்டுவந்து செருகும்போதுதான் வைரஸ் வருகிறது. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி அங்கே எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அந்தக் கணினியிலிருந்து மறக்காமல் வெளியேறுங்கள்.

ப்ராஜெக்டை எங்கே சேமித்து வைப்பது?

மூன்று இடத்தில். லேப்டாப்பில் ஒன்று, இணையத்தில் ஒன்று, அறையில் இருக்கும் பென் டிரைவில் ஒன்று. கூகுள் டிரைவ் 15 ஜிபி வரை இலவசம், ஒன்டிரைவ் 5 ஜிபி. ப்ராஜெக்ட் அறிக்கைக்கும் நிரலுக்கும் இது தாராளம். பென் டிரைவை லேப்டாப் பையின் முன் ஜிப்பில் வைத்திருப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பை போனால் இரண்டும் சேர்ந்தே போகும். நான் மேலே சொன்ன பெண்ணின் பென் டிரைவ் அந்த ஜிப்பில்தான் இருந்தது.

லேப்டாப்பைக் காணோம். முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

கடைசியாக எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதை உடனே எழுதி வையுங்கள். பதற்றத்தில் மறந்துவிடும். அந்த நேரத்தைச் சொல்லி கேமரா பதிவைப் பார்க்கச் சொல்லிக் கல்லூரி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும், சில வாரத்தில் எதுவும் மிஞ்சாது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கும் சொல்லுங்கள்.

அதே சமயத்தில் கைபேசியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள், வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களை நீக்குங்கள். கணக்கிலிருந்து பணம் போனால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

பிறகு காவல் நிலையம். புகாரில் 'காணாமல் போய்விட்டது' என்று எழுதாதீர்கள். வைத்த இடத்திலிருந்து யாரோ எடுத்திருந்தால் அது திருட்டு, அப்படியே எழுதுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303ஆவது பிரிவு, குடியிருக்கும் இடத்தில் நடந்த திருட்டுக்கு 305ஆவது பிரிவு, அதற்குத் தண்டனையும் கூடுதல். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது கொடுப்பார்கள். அத்தோடு நிற்காமல் முதல் தகவல் அறிக்கை பதியச் சொல்லிக் கேளுங்கள், அதன் நகல் உங்களுக்கு இலவசம். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார் அனுப்பலாம்.

கைபேசியை முடக்குகிற சி.இ.ஐ.ஆர். தளத்தில் லேப்டாப்பைப் பதிய முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண், உள்ள சாதனங்களுக்கு. சாதாரண லேப்டாப்பில் அந்த எண் இல்லை.

இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள். பல பாலிசிகளில் பூட்டை உடைத்த தடயம் இருந்தால்தான் திருட்டுக்குப் பணம் கிடைக்கும், ஆளில்லாமல் விட்டுப்போன பொருளுக்குக் கிடைக்காது. அதாவது நான் சொன்ன வராண்டாக் குவியலுக்குக் கிடைக்காது. முதல் தகவல் அறிக்கையோடு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்றும் கேட்பார்கள்.

பழைய லேப்டாப் வாங்குவது சரியா?

சரிதான், பில்லோடு வாங்குங்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் அடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம். சீரியல் ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கூட இருப்பவர் மேல் சந்தேகம் இருக்கிறது. அறையைச் சோதனை போடலாமா?

கூடாது. சந்தேகத்தை வார்டனிடம் தனியாகச் சொல்லுங்கள், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு பையன் லேப்டாப்பைக் காணோம் என்றதும் மாடியைக் கூட்டுகிற அக்கா மேல் பழி விழுந்தது. அவர் சேலை முந்தானையை உதறிக் காட்டியபடி வராண்டாவில் நின்றார். முந்தானையில் லேப்டாப்பை ஒளிக்க முடியுமா? இரண்டு நாள் கழித்து அது வேறு துறையின் ஆய்வகத்தில், அவன் வைத்த மேஜையிலேயே இருந்தது. அந்த அக்கா அதற்குப் பிறகு அந்த மாடிக்கு வேலைக்கு வரவில்லை.

பிள்ளை போன் பண்ணி லேப்டாப் போய்விட்டது என்றால் பெற்றோர் என்ன சொல்ல வேண்டும்?

இதை யாரும் கேட்பதில்லை, நானே எழுதுகிறேன். முதலாமாண்டுப் பையன் ஒருவன் வீட்டில் திட்டுவார்கள் என்று மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் நண்பன் லேப்டாப்பைப் பார்த்து எழுதிக்கொண்டு, ராத்திரி போனில் அப்பாவிடம் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். எங்களிடம் வந்தபோது அந்த நாளின் கேமரா பதிவு அழிந்துவிட்டிருந்தது. முதல் நாளே வந்திருந்தால் எடுத்தவர் முகமாவது கிடைத்திருக்கும்.

விலையைப் பற்றி அந்த போனில் பேசாதீர்கள். "கடைசியா எத்தனை மணிக்குப் பாத்த? சார்கிட்ட சொல்லிட்டியா?" இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். சீரியல் நம்பர் படம் உங்கள் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது, அதை அவனுக்கு அனுப்பி வையுங்கள்.